படிக்காமல் போட்ட கையெழுத்து

2016 மே மாதம் நார்வேயின் நுகர்வோர் கவுன்சில் ஒரு வாசிப்பு நடத்தியது. சராசரி நார்வேக்காரர் ஒருவரின் செல்போனில் இருக்கக்கூடிய 33 செயலிகளின் நிபந்தனைகளையும் பிரைவசி பாலிசிகளையும் எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆள் மாற்றி ஆள் உரக்கப் படித்தார்கள். இணையத்தில் அது நேரலையாக ஓடியது. முடிக்க ஏறத்தாழ 32 மணி நேரம் பிடித்தது. மொத்தம் இரண்டரை லட்சம் சொற்களுக்கு மேல். பைபிளின் புதிய ஏற்பாடே அதைவிடச் சிறியது.

அந்தச் செயலிகளைப் போனில் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்று ஒப்புக்கொண்டவர்கள்தான். நாமும்தான். ரயில் டிக்கெட் எடுக்க, மாத்திரை வரவழைக்க, வரன் பார்க்க, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்ட என்று எந்தத் தளத்துக்குள் நுழைந்தாலும் வாசலில் அந்தப் பெட்டி நிற்கிறது. டிக் போடாமல் உள்ளே போக முடியாது. அப்படிப் போட்ட டிக், நம் பெயர், போன் எண், இருக்கும் இடம், வாங்கிய மருந்து, தேடிய நோய் எல்லாவற்றையும் இன்னொருவர் வைத்துக்கொள்ள நாமே எழுதிக் கொடுத்த சம்மதமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

படித்திருக்கலாமே என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலீசியா மெக்டொனால்டும் லோரி கிரேனரும் 2008ல் போட்ட கணக்கு அது. ஒருவர் ஓராண்டில் போகிற இணையதளங்களின் பிரைவசி பாலிசிகளை எல்லாம் வரி விடாமல் படித்தால் ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். ஸ்மார்ட்போன் இன்று இருக்கும் அளவுக்குப் பரவியிராத காலத்துக் கணக்கு இது.

பிறகு இன்னொரு சோதனை நடந்தது. ஜொனாதன் ஓபார், ஆன் எல்டார்ஃப்-ஹிர்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேம்டிராப்’ என்று இல்லாத ஒரு சமூக வலைதளத்தை உருவாக்கி, 543 மாணவர்களைச் சேரச் சொன்னார்கள். உங்கள் விவரங்களை உளவு அமைப்புக்கும் வேலை தரும் முதலாளிக்கும் கொடுப்போம் என்று நிபந்தனைகளில் இருந்தது. கட்டணமாக உங்கள் முதல் குழந்தையைத் தர வேண்டும் என்றும் இருந்தது. நூற்றுக்கு 98 பேர் அதைக் கவனிக்கவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள், தங்கள் மொழியிலேயே எழுதப்பட்டதைப் பார்த்தவர்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது எளிது. ஆனால் மனித வாழ்நாளுக்குள் அடங்காத ஒரு வேலையைச் செய்யவில்லை என்பதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

யாரும் படிக்காத, படிக்கவும் முடியாத இந்த ஆவணத்தை எழுதியே தீர வேண்டும் என்று உலகெங்கும் சட்டங்கள் கட்டாயப்படுத்துகின்றன. ஏன்? யாருக்காக? இந்தியாவில் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக அமலுக்கு வரவிருக்கும் இந்த நேரத்தில் இதைக் கேட்டாக வேண்டும்.

வாக்குறுதியாகப் பிறந்தது

உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 1970ல் இயற்றியது மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸ மாநிலம். அரசு அலுவலகங்களுக்குள் கணினி நுழைந்த காலம் அது. 1973ல் அமெரிக்க அரசின் சுகாதாரம், கல்வி, நலத் துறை நியமித்த ஒரு குழு சில அடிப்படை விதிகளை வகுத்தது. மக்களைப் பற்றிய ரகசியப் பதிவேடு எதுவும் இருக்கக் கூடாது. தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அறிய ஒருவருக்கு வழி இருக்க வேண்டும். ஒரு காரியத்துக்கு வாங்கிய விவரத்தை அவர் சம்மதமின்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அரை நூற்றாண்டு கடந்த பிறகும் எந்த நாட்டின் சட்டத்தைப் புரட்டினாலும் இந்த விதிகளே எலும்புக்கூடாக நிற்கின்றன.

இணையம் வந்தபோது அமெரிக்காவில் தனியார் நிறுவனங்கள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. வர்த்தகத்தைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1998ல் 1,400க்கு மேற்பட்ட இணையதளங்களை ஆராய்ந்தது. 85 சதவீதத்துக்கு மேற்பட்டவை மக்களின் விவரங்களைச் சேகரித்தன. அதுபற்றி ஏதாவது சொன்னவை வெறும் 14 சதவீதம். முழுமையான பாலிசி வைத்திருந்தவை சுமார் 2 சதவீதம். என்ன செய்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள் என்ற நெருக்கடி அங்கிருந்து தொடங்கியது.

எழுதி வைப்பதால் என்ன பயன் என்பதை 2000ல் ஒரு பொம்மைக் கடை காட்டியது. டாய்ஸ்மார்ட் என்பது மாசசூசெட்ஸிலிருந்து இயங்கிய இணையக் கடை. வாடிக்கையாளர் விவரங்களை எக்காலத்திலும் மூன்றாம் நபருக்குத் தர மாட்டோம் என்று அதன் பாலிசி உறுதி சொன்னது. தொழில் நொடித்தது. கடனை அடைக்க விற்பதற்கு இருந்த சொத்துகளோடு சொத்தாக வாடிக்கையாளர் பட்டியலையும் விற்பனைக்கு வைத்தார்கள். பெற்றோரின் முகவரி மட்டுமல்ல, குழந்தைகளின் பெயரும் பிறந்த நாளும் அதில் இருந்தன. கமிஷன் வழக்குப் போட்டது. வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் பாலிசியைப் படித்தார்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை. நீ எழுதினாய், எழுதியதை மீறுகிறாய், அது ஏமாற்று வேலை. வாதம் அவ்வளவுதான். கடைசியில் டாய்ஸ்மார்ட்டின் பெரும்பங்குகளை வைத்திருந்த டிஸ்னியின் துணை நிறுவனம் ஒன்று 50,000 டாலர் கொடுக்க, 2001ல் அந்தப் பட்டியல் அழிக்கப்பட்டது.

பிரைவசி பாலிசியின் உண்மையான வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது வாசகரைக் கட்டுவதற்கான தாள் அல்ல, எழுதியவரைக் கட்டுவதற்கான தாள். கோடிப் பேர் படிக்க வேண்டியதில்லை. ஒரு பத்திரிகையாளர், ஓர் ஆய்வாளர், கேள்வி கேட்கும் அதிகாரமுள்ள ஓர் அமைப்பு, இவர்கள் படித்தால் போதும். சொன்னதும் செய்ததும் ஒன்றா என்று ஒப்பிட ஓர் ஆதாரம் கையில் இருக்கும்.

2003ல் கலிஃபோர்னியா இதைச் சட்டமாக்கியது. தன் மாநில மக்களின் விவரங்களைச் சேகரிக்கும் எந்த வணிக இணையதளமும் பாலிசியைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்ற சட்டம் 2004 ஜூலை 1 முதல் அமலானது. கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர் இருந்தால் நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் கட்டுப்படும் என்பதால், ஒரு மாநிலச் சட்டம் உலகச் சட்டம்போல ஆகிவிட்டது. கூகுளின் முகப்புப் பக்கத்தில் அந்த இணைப்பு நெடுநாள் இல்லை. விமர்சனம் எழுந்த பிறகு 2008 ஜூலையில் சேர்த்தார்கள். முகப்பில் 28 சொற்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிறுவனர்களின் பிடிவாதம். ஆகவே பக்கத்தின் அடியில் இருந்த தங்கள் பெயரையே ஓரிடத்தில் நீக்கிவிட்டு ‘பிரைவசி’ என்ற சொல்லுக்கு இடம் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தக் கலிஃபோர்னியச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சொல்லிவிட்டுச் செய் என்றதே தவிர, எதைச் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. டாய்ஸ்மார்ட் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அது தெளிவான வாக்குறுதி கொடுத்ததுதான். மற்ற நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அதிலிருந்து பாடம் படித்தார்கள். குறுகிய வாக்குறுதி ஆபத்து. அகலமான அனுமதி பாதுகாப்பு. ‘எக்காலத்திலும் தர மாட்டோம்’ என்ற வரி மறைந்து, ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு எங்கள் கூட்டாளிகளுடன் பகிரலாம்’ என்ற வரி வந்தது. பாலிசி நீண்டது, மங்கியது. நிறுவனத்தைக் கட்ட வந்த தாள் நம்மிடம் உரிமையை எழுதி வாங்கும் தாளாக மாறியது இந்த இடத்தில்தான்.

ஐரோப்பா இதைச் சரிசெய்ய முயன்றது. 2018 மே 25 முதல் அமலில் உள்ள அதன் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, சுருக்கமாக ஜிடிபிஆர், விவரத்தைக் கையாளவே சட்டப்படி ஒரு காரணம் வேண்டும் என்றது. அதை எளிய மொழியில் சொல்லவும் வேண்டும் என்றது. சொன்ன விதம் சரியில்லை என்பதற்கே அபராதம் உண்டு. பயனாளர் ஒரு தகவலைக் கண்டுபிடிக்க ஐந்தாறு முறை சொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் காரணமாகச் சொல்லி 2019 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 5 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2021 செப்டம்பரில் அயர்லாந்து, வாட்ஸ்அப்பின் விளக்கங்கள் தெளிவாக இல்லை என்று 22.5 கோடி யூரோ விதித்தது.

ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் வெளியேறு

அதே 2021ல் அதே வாட்ஸ்அப் இந்தியாவில் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 4 முதல் போன்களில் ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் பிரைவசி பாலிசி மாறுகிறது, பிப்ரவரி 8க்குள் ஏற்காவிட்டால் கணக்கைப் பயன்படுத்த முடியாது என்றது அது. நம் அரட்டையை யாரோ படிக்கப் போகிறார்கள் என்று பலர் பயந்தார்கள். தகராறு அதைப் பற்றியது அல்ல. இருவர் பேசிக்கொள்ளும் செய்தி பூட்டித்தான் அனுப்பப்படுகிறது. யாரோடு, எந்தக் கருவியிலிருந்து, எந்த வணிக நிறுவனத்தோடு தொடர்புகொண்டோம் என்பது போன்ற சுற்று விவரங்கள் ஃபேஸ்புக் குடும்பத்து மற்ற நிறுவனங்களுக்குப் போவதுதான் பிரச்சினை. 2016ல் இதேபோல பாலிசி மாறியபோது, பழைய பயனாளர்களுக்கு விளம்பரத்துக்காகப் பகிர்வதை மறுக்க 30 நாள் அவகாசம் கொடுத்தார்கள். 2021ல் அந்தக் கதவும் இல்லை. தங்கள் சட்டம் காவல் நின்றதால் ஐரோப்பியப் பயனாளர்களின் நிலை வேறாக இருந்தது. இந்தியருக்கு அந்தக் காவல் இல்லை.

பலர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடினார்கள். சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். உறவினர், அலுவலகம், பள்ளி ஆசிரியர், பால்காரர், கேஸ் புக்கிங் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது ஒருவர் மட்டும் எங்கே போவார்? எதிர்ப்பின் வேகத்தில் காலக்கெடு மே 15 வரை தள்ளிப்போனதே தவிர, பாலிசி நின்றது.

இங்கே வழக்கு வேறொரு வாசல் வழியாக வந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்போது இல்லாத நாட்டில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2021 மார்ச்சில் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. சந்தையில் எதிராளி இல்லாத நிறுவனம் ‘ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் வெளியேறு’ என்று சொல்வது ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று கூறி, 2024 நவம்பரில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பர நோக்கில் தரவைப் பகிர 5 ஆண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, 5 ஆண்டுத் தடையை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. இந்தத் தகராறில் எனக்கு முக்கியமாகப் படுவது தொகை அல்ல. மறுக்க வழியில்லாத இடத்தில் வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல என்பதை ஓர் இந்திய அமைப்பு எழுத்தில் பதிந்திருக்கிறது.

91 வயதில் தீர்ந்த சந்தேகம்

இந்தியாவில் பாலிசி எழுதும் கட்டாயமே இல்லை என்று நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின் கீழ் 2011 ஏப்ரலில் வந்த விதிகள், தனிநபர் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் பிரைவசி பாலிசியைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன. குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போட வேண்டும் என்கின்றன. நம்மூர் இணையதளங்களின் அடியில் அந்தப் பெயர் இருப்பது இதனால்தான். விதி இருந்தது, அதைத் தட்டிக் கேட்கத் தனி அமைப்பு இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமைதானா என்பதே 2017 வரை சந்தேகமாக இருந்தது. ஆதார் வழக்கில் அப்படி ஓர் அடிப்படை உரிமை கிடையாது என்று 2015ல் மத்திய அரசே வாதிட்டது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி ஆதாரை எதிர்த்து 2012ல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். புட்டசாமி 90 வயதைத் தாண்டியிருந்தார். 2024ல், 98 வயதில் காலமானார்.

தீர்ப்புக்குப் பின் தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை, 2019ல் ஒரு மசோதா, 2022ல் அதை வாபஸ் வாங்கியது என்று ஆண்டுகள் ஓடி, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. புகார்களை விசாரித்து அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொடர்பான பிரிவுகள் உடனே அமலாயின. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலாகும்.

தமிழில் கேட்கலாம்

இந்தச் சட்டம் நீண்ட பாலிசியோடு திருப்தி அடைவதில்லை. சம்மதம் கேட்கும்போது தனியாக ஓர் அறிவிப்புத் தர வேண்டும். வேறு எந்த ஆவணத்தையும் புரட்டாமல் அதை மட்டும் படித்தாலே புரிய வேண்டும். என்னென்ன விவரம், எந்தெந்த நோக்கத்துக்கு என்று வகைவாரியாக, எளிய மொழியில் இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது, வாரியத்திடம் எப்படிப் புகார் செய்வது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். தவறினால் 50 கோடி ரூபாய் வரை அபராதம் போகலாம்.

இந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெற்றுப் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தமிழ் அதில் ஒன்று. மலேசியாவில் ஏராளமான தமிழர் வாழ்ந்தாலும், அங்கே 2010ன் சட்டம் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பதோடு நிற்கிறது.

இது சாதாரண வெற்றி அல்ல. சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கும் பெண்ணும், உணவு டெலிவரி செய்யும் இளைஞரும், பேரனின் உதவியோடு ஓய்வூதியச் சான்று அனுப்பும் முதியவரும் தங்கள் மொழியில் இதைக் கேட்கலாம். ஆனால் ‘தமிழில்’ என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடாது. ஆங்கில வாக்கியத்தை இயந்திரத்திடம் கொடுத்து, வந்ததை அப்படியே ஒட்டினால் அது தமிழ் எழுத்தில் இருக்கும், புரியாது. நம் அரசுப் படிவங்கள் பலவற்றில் அந்தத் தமிழைப் பார்த்துச் சலித்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தடுமாறுபவருக்கு ஒலிவடிவில் சொல்ல வேண்டும் என்ற பேச்சு விதிகளில் இல்லை. மொழியைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் முதல் திரையிலேயே இருக்க வேண்டுமா, ஏழாவது திரையில் இருந்தால் போதுமா என்பதையும் வரையறுக்கவில்லை. வாரியம் இதைக் கண்டிப்போடு பார்க்க வேண்டும். ஒரு தமிழ் அறிவிப்பைப் பத்தாம் வகுப்பு படித்த ஒருவரிடம் கொடுத்து, எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்று சொல்லச் சொன்னால், அவர் சொல்லிவிட வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத அறிவிப்பைச் செல்லாது என்று அறிவிக்கும் துணிச்சல் வாரியத்துக்கு வேண்டும்.

மொழியைவிடப் பெரிய விஷயம் ஒன்று சட்டத்துக்குள் இருக்கிறது. அதிகம் பேசப்படவில்லை. சட்டத்திலேயே தந்திருக்கும் எடுத்துக்காட்டு இது. ஒரு பெண் டெலிமெடிசின் செயலியைப் பதிவிறக்குகிறார். மருத்துவ ஆலோசனைக்காகத் தன் விவரங்களைக் கையாளவும், தன் போனிலுள்ள தொடர்பு எண்களை எடுக்கவும் செயலி அனுமதி கேட்கிறது. இரண்டுக்கும் சரி என்கிறார். மருத்துவ ஆலோசனைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை. எனவே அவர் சம்மதம் முதலாவதற்கு மட்டும்தான் செல்லும் என்கிறது சட்டம். அவர் படித்தாரா, படிக்கவில்லையா என்பது இங்கே பொருட்டல்ல. தேவையில்லாததைக் கேட்டு வாங்கினாலும் அது கிடைத்ததாக ஆகாது.

இப்படிப்பட்ட எல்லைக்கோடு எவ்வளவு தேவை என்பதை நாம் பெரும் விலை கொடுத்துக் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் உடனடிக் கடன் செயலிகள் பெருகின. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்தியவர்களின் தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறியதும் உறவினர், நண்பர், அலுவலக மேலாளர் என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, படங்களை ஆபாசமாக மாற்றி அனுப்பி மிரட்டினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் நாட்டின் பல பகுதிகளில் இருந்தார்கள். பாலிசியைப் படித்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்களா? பணத் தேவை கழுத்தைப் பிடிக்கும்போது எவரும் அழுத்துவார். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி செய்தது சரியான காரியம். டிஜிட்டல் கடன் செயலிகள் போனிலுள்ள கோப்புகள், படங்கள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவுகளைத் தொடவே கூடாது என்று வழிகாட்டு நெறிமுறை வகுத்தது. பாலிசியும் வெளியிட வேண்டும் என்றது. அறிவிப்பு ஒரு பக்கம், தடை ஒரு பக்கம். உயிரைக் காக்கும் வேலையைத் தடைதான் செய்யும்.

பறிபோனவை

புதிய சட்டத்தைப் பாராட்டியதற்குப் பிறகு சொல்ல வேண்டியவையும் நிறைய இருக்கின்றன.

நம் விவரங்கள் யார் யாருக்குப் போகின்றன, எத்தனை காலம் இருக்கும் என்பதை அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பாவில் இரண்டையும் சொல்ல வேண்டும். இங்கே யாருக்குக் கொடுத்தாய் என்று பிறகு நாமே எழுதிக் கேட்க வேண்டும். நாமாக முன்வந்து தந்த விவரத்துக்கு அறிவிப்பே தேவையில்லை என்ற பிரிவும் உண்டு. மருந்துக் கடையில் பணம் கட்டிய ரசீது எஸ்எம்எஸ்ஸில் வரட்டும் என்று நம்பர் தருவதைச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. ரசீது அனுப்ப மட்டும் அந்த எண் பயன்பட்டால் சரி. ‘நம்பர் சொல்லுங்க சார்’ என்று பில் போடும் இடத்தில் கேட்கும் பழக்கம் எவ்வளவு தொல்லையானது என்பதைப் புரிந்துகொண்டு, போன் எண் தந்தால்தான் பொருள் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் துறை 2023லேயே கடைகளுக்கு அறிவுறுத்தியது. கேட்பது நின்றதா என்பது கடைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும்.

நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி, தான் அறிவிக்கும் எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு முழு விலக்கு தரலாம். வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் இந்தச் சட்டம் மாற்றிவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் போய், தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. நிறுவனங்களைக் கட்டும் பிரிவுகள் 2027க்குக் காத்திருக்க, இந்தத் திருத்தம் மட்டும் 2025 நவம்பரிலேயே அமலாகிவிட்டது. குடிமக்களின் அந்தரங்கத்துக்கென வந்த சட்டம், முதலில் அதிகாரிகளின் கோப்புகளை மூடியிருக்கிறது. இதை ஏற்க என்னால் முடியவில்லை.

என்னை மிகவும் உறுத்துவது இழப்பீடு. 2024ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் சாட்பாட்கள் மூலம் வெளியாயின. பெயர், முகவரி மட்டுமல்ல, பரிசோதனை முடிவுகளும் நோய் விவரங்களும் அதில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. 3 கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. சரி, தன் நோயை ஊரே பார்க்கும்படி விடப்பட்ட மனிதருக்கு என்ன கிடைக்கும்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் இப்போதைய 43ஏ பிரிவு, நிறுவனத்தின் அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழி வைத்திருக்கிறது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். இது ஏட்டில் மட்டும் இருந்த அதிகாரம் அல்ல. 2010ல் தமிழ்நாட்டின் செயலாளர், போலி மின்னஞ்சலால் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி, இதே சட்டத்தின் இழப்பீட்டுப் பிரிவின் கீழ் ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார். புதிய சட்டம் 43ஏ பிரிவை நீக்குகிறது. இனி வாரியம் விதிக்கும் அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. மாறாக, பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் அவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எல்லை மீறிய நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையே கணக்கு முடிகிறது; காயம் பட்டவர் வெளியே நிற்கிறார். 2027 மே வருவதற்குள் நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும். தமிழக உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும்.

இன்று செய்யக்கூடியது

பிரைவசி பாலிசியின் ஒவ்வொரு வரியையும் படியுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தச் சுமையை நம் தலையில் ஏற்றியதே தவறு என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பாலிசிக்குள் ‘பகிர்தல்’ என்ற தலைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பத்தியை மட்டும் படிக்கலாம். கூட்டாளிகள் யார் என்று பெயர் சொல்லாத பாலிசி எதையும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். போன் அமைப்புகளுக்குள் போய், டார்ச் லைட் செயலிக்கும் காலண்டர் செயலிக்கும் தொடர்புப் பட்டியலும் இருப்பிடமும் ஏன் கொடுத்திருக்கிறோம் என்று பார்த்து எடுத்துவிடலாம்.

2027 மே நெருங்கும்போது அறிவிப்புகள் வெள்ளமாக வரும். ஏற்கெனவே சம்மதம் வாங்கி வைத்திருக்கும் நிறுவனங்களும் புதிதாக அறிவிப்புத் தர வேண்டும் என்பது சட்டம். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்த வைக்கும் முயற்சிகள் அப்போது நடக்கும். ஏற்பதற்குப் பெரிய பச்சைப் பொத்தானும் மறுப்பதற்குச் சாம்பல் நிறச் சிற்றெழுத்துமாக ஐரோப்பியக் குக்கீ அறிவிப்புகளில் பார்த்த அதே உத்தி இங்கும் வரலாம். தமிழ் எங்கே என்று கேட்க வேண்டிய நாள் அது. வராவிட்டால் அதுவே வாரியத்துக்கு அனுப்பத் தகுந்த முதல் புகார்.

அதுவரை 2011ன் விதிகள் உயிரோடு இருக்கின்றன. நீங்கள் தந்த விவரத்தைப் பார்க்கவும், தவறாக இருந்தால் திருத்தவும், சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறவும் அவற்றில் இடம் இருக்கிறது. குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கணக்கு வைத்திருக்கும் ஒரு தளத்துக்குப் போய், கடைசி வரை கீழே தள்ளினால் அவர் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், எதற்காக, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று தமிழிலேயே எழுதி, அனுப்பிய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.